பிரிட்டனின் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கும் நண்பர்களிடம் பிரிட்டிஷ் சாக்ஸபோன் கலைஞர்களைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன். 'அமெரிக்காவின் நகல்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கப்படுபவர்கள் இவர்கள். இவர்கள் எந்தச் சூழலில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொண்டு இசையைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்பதே என் எண்ணம்.

ஜாஸ்னாலே அமெரிக்காதானே? பிரிட்டனுக்கு அது எப்படிப் போச்சு?

ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் படைப்பு என்பதில் ஐயமில்லை. முதல் உலகப்போருக்குப் பின் இசைத்தட்டுகள் வழியாகவும் விருந்தினராக வந்த குழுக்கள் வழியாகவும் அது லண்டனை அடைந்தது. 1930களில் லண்டன் ஓட்டல்களிலும் இரவு விடுதிகளிலும் நடன இசைக்குழுக்கள் நிறைந்திருந்தன. சாக்ஸபோன் வாசிப்பவருக்குச் சோறு போட்டது அந்தக் குழுக்கள்தான்; மேடையில் கிடைத்த சில நொடித் தனிவாசிப்பில்தான் அவர் ஜாஸை எட்டிப் பார்க்க முடிந்தது.

அந்தக் குழுக்களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்களின் பங்கு பெரிது. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கென் 'ஸ்னேக்ஹிப்ஸ்' ஜான்சன் நடத்திய குழு அவற்றுள் புகழ்பெற்றது. 1941 மார்ச் 8 அன்று லண்டனின் கஃபே டி பாரிஸ் விடுதியில் அக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானியக் குண்டு விழுந்தது. ஜான்சனும் அவருடைய டெனர் சாக்ஸபோன் கலைஞர் டேவ் 'பாபா' வில்லியம்ஸும் அங்கேயே உயிரிழந்தனர். பிரிட்டிஷ் ஜாஸின் கதையை 1950களில் தொடங்குபவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

அளவும் அதனால் அமையும் சுருதியும்தான் வித்தியாசம். சொப்ரானோ சிறியது, உச்ச ஒலியுடையது. ஆல்ட்டோ அதற்கு அடுத்தது. டெனர் இன்னும் பெரியது, ஆணின் குரலுக்கு நெருக்கமானது. பாரிட்டோன் மிகவும் கீழிறங்கி ஒலிக்கும். விரல் வைக்கும் முறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பலர் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை வாசிப்பார்கள். கீழே வருபவர்களில் ரோனி ஸ்காட்டும் டபி ஹேய்ஸும் டெனர். ஜான் டாங்க்வொர்த்தும் ஜோ ஹாரியட்டும் ஆல்ட்டோ. ரோனி ராஸ் பாரிட்டோன். ஜான் சர்மன் பாரிட்டோனும் சொப்ரானோவும்.

ஒரே ஒரு ஆளைக் கேட்டுத் தொடங்கணும்னா யாரைக் கேட்பது?

பாபி வெலின்ஸைக் கேளுங்கள். பியானோ கலைஞர் ஸ்டான் டிரேசி, வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் வானொலி நாடகமான 'அண்டர் மில்க் வுட்' தந்த தூண்டுதலால் 1965இல் ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். அதில் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' என்ற பகுதியில், கிளாஸ்கோவில் பிறந்த வெலின்ஸ் டெனர் வாசிக்கிறார். ஸ்வரங்கள் குறைவு, இடைவெளிகள் மிகுதி. விண்மீன் இல்லாத இரவில் உறங்கும் ஒரு சிற்றூர் கண்முன் வந்துவிடும். ஜாஸ் என்றால் வேகமும் இரைச்சலும் என்று அஞ்சுபவர்களும் இதை முழுமையாகக் கேட்டுவிடுவார்கள். பின்னர் போதைப் பழக்கத்தால் வெலின்ஸ் பல ஆண்டுகள் மேடையை விட்டே விலகியிருந்தார். 1970களில் மீண்டு வந்து, 2016இல் இறக்கும்வரை இசைத்துறையில் இருந்தார்.

ரோனி ஸ்காட் ஒரு கிளப் முதலாளி இல்லையா? அவரை ஏன் கலைஞர்கள் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

கிளப்பின் புகழ் மனிதரை மறைத்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1927 ஜனவரி 28 அன்று கிழக்கு லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ரொனால்ட் ஷாட். தந்தையும் நடன இசைக்குழுக்களில் சாக்ஸபோன் வாசித்தவரே. பதின்வயதிலேயே தொழிலுக்கு வந்துவிட்ட ஸ்காட், போர் முடிந்ததும் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் 'குயின் மேரி' கப்பலின் இசைக்குழுவில் வேலை தேடிக்கொண்டார். கப்பல் நியூயார்க்கில் நிற்கும் இரவுகளில் அமெரிக்க ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கர் போன்றோரை நேரில் கேட்கலாம் என்பதே காரணம். இசைக்குழுத் தலைவர் ஜெரால்டோ கப்பல்களுக்கு ஆளெடுத்து அனுப்பியதால் இந்தக் கூட்டத்துக்கு 'ஜெரால்டோவின் கடற்படை' என்ற பெயரே ஏற்பட்டது. ஜான் டாங்க்வொர்த்தும் அவ்வாறு சென்றவர்தான்.

1948இல் ஸ்காட், டாங்க்வொர்த் உள்ளிட்ட பத்துக் கலைஞர்களும் ஒரு மேலாளரும் சேர்ந்து 'கிளப் லெவன்' தொடங்கினார்கள். பிரிட்டனில் பெபாப் என்னும் புதுவகை ஜாஸுக்கு முதல் வீடாக அமைந்தது அது. 1950இல் காவல்துறைச் சோதனைக்குப் பின் மூடப்பட்டது. 1959 அக்டோபர் 30 அன்று சாக்ஸபோன் தோழர் பீட் கிங்குடன் சேர்ந்து சோஹோவின் ஜெரார்ட் தெரு 39ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தம் பெயரிலான கிளப்பை ஸ்காட் திறந்தார். 1965இல் அது ஃபிரித் தெரு 47ஆம் எண்ணுக்கு மாறி இன்றும் அங்கேயே இயங்குகிறது. திறப்பு நாளன்று வாசித்தவர்களில் 19 வயது ஆல்ட்டோ இளைஞர் பீட்டர் கிங்கும் ஒருவர். கூட்டாளி பீட் கிங் வேறு, இவர் வேறு. பலரும் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த இளைஞர் பின்னாளில் நாட்டின் சிறந்த ஆல்ட்டோ கலைஞர்களில் ஒருவராகி 2020இல் காலமானார்.

ஸ்காட்டின் டெனர் ஒலி கனமானது, துடிப்பானது, மெட்டை விட்டு அலையாதது. இறுதிக் காலத்தில் பற்கள் பழுதாகி, சிகிச்சைகளுக்குப் பின்னும் முன்போல வாசிக்க முடியாமல் போனது அவரை மிகவும் வருத்தியது. 1996 டிசம்பர் 23 அன்று இறந்தார்.

அமெரிக்கக் கலைஞர்கள் பிரிட்டனில் வாசிக்கத் தடை இருந்ததாமே, உண்மையா?

உண்மைதான். 1930களின் நடுப்பகுதியிலிருந்து, உள்நாட்டு இசைக்கலைஞர் சங்கத்தின் அழுத்தத்தால், அமெரிக்க இசைக்குழுக்களுக்கு வேலை அனுமதி கொடுப்பதைத் தொழிலாளர் அமைச்சகம் ஏறத்தாழ நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் குழுக்களுக்கு அமெரிக்காவில் இடமில்லாதபோது அவர்களுக்கு மட்டும் இங்கே ஏன் இடம் என்பது சங்கத்தின் வாதம். 1949இல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்களான சிட்னி பெஷேயும் கோல்மன் ஹாக்கின்ஸும் அனுமதியின்றி லண்டனில் வாசித்ததற்காக ஏற்பாட்டாளர்கள் நீதிமன்றத்தில் அபராதம் கட்ட நேர்ந்தது. 1956இல்தான் 'ஒரு குழுவுக்கு ஒரு குழு' என்ற பரிமாற்ற முறையில் கதவு திறந்தது.

இருபது ஆண்டு அடைப்பின் விளைவை இருவிதமாகப் பார்க்கலாம். நேரில் கேட்டுக் கற்கும் வாய்ப்பை ஒரு தலைமுறை முழுவதும் இழந்தது. கப்பல் வேலைக்கு இளைஞர்கள் முண்டியடித்ததன் காரணமும் அதுதான். மறுபக்கம், ஊசி தேயுமளவுக்கு இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, செவியாலேயே நுணுக்கங்களைப் பிடித்துக்கொள்ளும் கூர்மை அவர்களுக்கு வாய்த்தது. எனக்கு இழப்பே பெரிதாகத் தெரிகிறது. பரிமாற்ற முறையில் 1961இல் அமெரிக்க டெனர் கலைஞர் ஜூட் சிம்ஸ் ஸ்காட்டின் கிளப்புக்கு வர, டபி ஹேய்ஸ் நியூயார்க்கின் 'ஹாஃப் நோட்' கிளப்புக்குச் சென்றார். போன இடத்தில் அவர் சளைக்கவில்லை. அந்தப் பயணத்திலேயே டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெரியுடன் ஓர் இசைத்தட்டும் பதிவு செய்து திரும்பினார்.

பிரிட்டனுக்குள்ளேயே எல்லோரும் புது ஜாஸை வரவேற்றார்களா?

இல்லை. பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியே தூய ஜாஸ் என்று கருதிய பெருங்கூட்டம் இருந்தது. அவர்களுக்குச் சாக்ஸபோனே அன்னியக் கருவி. டிரம்பெட் கலைஞர் ஹம்ஃப்ரி லிட்டல்டன் 1953இல் ஆல்ட்டோ கலைஞர் புரூஸ் டர்னரைத் தம் குழுவில் சேர்த்தபோது, பர்மிங்காம் நகர மண்டபத்தில் ரசிகர்கள் 'அழுக்குப் பெபாப்காரனே, வீட்டுக்குப் போ' என்று பதாகை பிடித்தார்கள். டர்னரோ பெபாப் கலைஞரே அல்லர். கப்பல் வேலைக் காலத்தில் நியூயார்க்கில் ஆல்ட்டோ கலைஞர் லீ கோனிட்ஸிடம் பாடம் கேட்டிருந்தாலும், அவர் வாசிப்பு இனிமையான நடுவழி. லிட்டல்டன் அந்தக் கூச்சலுக்குப் பணியவில்லை, டர்னரை வெளியேற்றவும் இல்லை.

டபி ஹேய்ஸ் 38 வயசுலேயே போயிட்டாரே, போதைப் பழக்கம்தான் காரணமா?

அவருக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. அது வழக்கு வரை சென்றது. ஆனால் அவர் உயிரைப் பறித்தது இதய நோய். வால்வு பழுதாகி 1971இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மேடைக்குத் திரும்பினார். 1973 ஜூன் 8 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இரண்டாவது அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். பழக்கம் உடலைக் குலைத்திருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் வாழ்க்கையை ஒரு போதைக் கதையாகச் சுருக்குவது அநியாயம்.

ஏனெனில் அந்த 38 ஆண்டுகளுக்குள் அவர் செய்து முடித்தது மலைக்க வைக்கிறது. 1935இல் பிறந்தார், தந்தை வயலின் கலைஞர். பதினாறாம் வயதில் முழுநேரத் தொழிலாளி. 1957 முதல் 1959 வரை ரோனி ஸ்காட்டுடன் 'ஜாஸ் கூரியர்ஸ்' என்ற குழுவில் இரு டெனர்களும் தோளோடு தோள் நின்று வாசித்தன. டெனரோடு புல்லாங்குழலும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் வாசித்தார், பெரிய குழுவுக்கு இசை எழுதினார். 1964இல் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் குழு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்குக்கு வந்தபோது, டெனர் கலைஞர் பால் கொன்சால்வஸால் மேடையேற முடியவில்லை. ஒத்திகை எதுவுமின்றி அந்த இருக்கையில் அமர்ந்து வாசித்துக் கொடுத்தவர் ஹேய்ஸ். எலிங்டனின் இசையேட்டை அங்கேயே பார்த்து வாசிப்பது எப்படிப்பட்ட சோதனை என்பது இசைக்குழுவில் இருந்தவர்களுக்குப் புரியும். அவருடைய ஆற்றலின் உச்சம், 1967இல் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'மெக்சிகன் கிரீன்'.

ஜோ ஹாரியட் ஜமைக்காக்காரர் ஆயிற்றே, அவரை எப்படி பிரிட்டிஷ் கலைஞர் என்கிறீர்கள்?

1928இல் கிங்ஸ்டனில் பிறந்து, அங்குள்ள ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் இசை கற்று, 1951இல் பிரிட்டனுக்கு வந்தவர் ஹாரியட். ஜமைக்கா அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அவர் வந்தது பிரிட்டிஷ் குடிமகனாகவே. அவருடைய முக்கியமான பதிவுகள் அனைத்தும் லண்டனில் உருவானவை, இறந்ததும் இங்கிலாந்தில்தான். நிறவெறிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி 1965இல் லண்டனில் தஞ்சமடைந்த 'புளூ நோட்ஸ்' குழுவின் ஆல்ட்டோ கலைஞர் டுடு புக்வானாவையும் இக்கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களை நீக்கிவிட்டால் பிரிட்டிஷ் ஜாஸில் மிஞ்சுவது பாதிதான்.

ஹாரியட்டின் 'ஃப்ரீ ஃபார்ம்' ஆர்னெட் கோல்மனைப் பார்த்துச் செய்ததுதானே?

இந்தக் கேள்வியில் நகல் என்ற பழைய சந்தேகமே ஒளிந்திருக்கிறது. 1958இல் ஹாரியட் நுரையீரல் நோயால் நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தார். புதிய வழியொன்றை அவர் சிந்தித்தது அப்போதுதான் என்பார்கள். 'ஃப்ரீ ஃபார்ம்' தொகுப்பு 1960இல் பதிவாயிற்று. அமெரிக்க ஆல்ட்டோ கலைஞர் கோல்மனின் புதுமைப் பதிவுகள் அதற்கு முன்பே வெளிவரத் தொடங்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். கோல்மனின் குழுவில் தாளத்தின் ஓட்டம் பெரும்பாலும் அறுபடாமல் அடியில் செல்லும்; அதன்மேல் தனிவாசிப்பு நடக்கும். ஹாரியட்டின் குழுவில் தாளமே நின்றுபோகும், திடீரென அமைதி வரும், ஐவரும் ஒருவர் சொல்லை ஒருவர் பிடித்து உரையாடுவார்கள். தாளக்கட்டு, ஸ்வரக் கூட்டுகளின் வரிசை, ஸ்விங் நடை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது ஒவ்வொரு படைப்பிலும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துறப்பது அவருடைய கொள்கை. செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த கவிஞரும் டிரம்பெட் கலைஞருமான ஷேக் கீன் அதில் அவருக்கு இணையாக நின்றார்.

அடுத்து வந்த 'ஆப்ஸ்ட்ராக்ட்' தொகுப்புக்கு அமெரிக்காவின் 'டவுன்பீட்' இதழ் ஐந்து விண்மீன்கள் கொடுத்தது. உள்நாட்டிலோ வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. இறுதி ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று, ஆங்காங்கே கிடைத்த துணைக்கலைஞர்களோடு விருந்தினராக வாசித்துக் காலம் தள்ளினார். 1973 ஜனவரி 2 அன்று சவுத்தாம்ப்டனில் புற்றுநோயால் இறந்தார். அங்குள்ள பிட்டர்ன் தேவாலய வளாகக் கல்லறையில், சார்லி பார்க்கரைக் குறித்த அவருடைய சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது: 'பார்க்கரா? இங்கேயும் சில துருப்புச் சீட்டுகளை இறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.'

அவர் செய்த 'இந்தோ-ஜாஸ்'ல உண்மையாவே ராகம் இருக்கா, இல்ல பேருக்குச் சித்தார் வச்சாங்களா?

ராகம் இருக்கிறது. அதற்குக் காரணம் ஹாரியட்டைவிட ஜான் மேயர். கொல்கத்தாவில் பிறந்து, உதவித்தொகை பெற்று 1952இல் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்த வயலின் கலைஞர் மேயர். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் பணியாற்றியவர். தயாரிப்பாளர் டெனிஸ் பிரஸ்டன் இருவரையும் இணைத்தார். ஜாஸ் கலைஞர் ஐவர், மேயர் தலைமையில் சித்தார், தபலா, தம்புரா, புல்லாங்குழல் கொண்ட ஐவர் என்று இரட்டைக் குழு அமைந்தது. 1966இல் வந்த 'இந்தோ-ஜாஸ் சூட்' தொகுப்பின் நான்கு பகுதிகளில் இரண்டின் பெயர்களே 'ராக மேகா', 'ராக கௌட் சாரங்கா' என்பவை. அன்றைய பாப் உலகில் சித்தார் ஓர் அலங்காரமாகத் திரிந்த காலத்தில், ராகத்தின் ஸ்வரக் கட்டுப்பாட்டை ஜாஸ் கலைஞர்களின் முன் எழுதி வைத்தவர் மேயர்.

குறையும் உண்டு. நம் காதுக்கு, ராகம் மலர்வதற்கான நிதானம் போதவில்லை. எழுதப்பட்ட பகுதிகள் சில இடங்களில் விறைப்பாக ஒலிக்கின்றன. ஆனால் ஹாரியட் நுழையும் கணத்தில் அந்த விறைப்பு உடைகிறது. ராகத்தின் ஸ்வரங்களுக்குள் நின்றபடியே அவர் அழுத்தமும் ஏக்கமும் கலந்து வாசிப்பதைக் கேட்க வேண்டும். இக்குழுவின் 'ஆக்கா ராகா' பிற்பாடு பிபிசியின் குடும்ப வினாடி வினா நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாயிற்று.

ஜாஸ் வாசிச்சு வீட்டு வாடகை கட்ட முடிஞ்சுதா?

பெரும்பாலோருக்கு முடியவில்லை. ஒலிப்பதிவுக் கூட வேலைதான் பலரைக் காப்பாற்றியது. 1968இல் வந்த பீட்டில்ஸின் 'லேடி மடோனா' பாட்டில் ஒலிக்கும் டெனர் ரோனி ஸ்காட்டுடையது. 1972இல் அமெரிக்கப் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டின் முடிவில் மிதந்துவரும் சாக்ஸபோன் ரோனி ராஸுடையது. இந்த ராஸ் 1933இல் கொல்கத்தாவில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற டேவிட் போவிக்குச் சிறுவயதில் சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்தவர். லூ ரீடின் அந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்களில் ஒருவர் போவி. தம் ஆசிரியரை அவர் மறக்கவில்லை.

விதிவிலக்கு ஜான் டாங்க்வொர்த். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்த அவர், 1950இல் எழுவர் குழுவும் 1953இல் பெரிய குழுவும் தொடங்கினார். 'தி சர்வன்ட்', 'டார்லிங்' முதலிய திரைப்படங்களுக்கு இசையமைத்தார். தம் குழுவின் பாடகி கிளியோ லேனை 1958இல் மணந்தார். 2006இல் 'சர்' பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1970இல் தம்பதியர் வேவண்டன் என்ற ஊரில் தொடங்கிய 'தி ஸ்டேபிள்ஸ்' அரங்கின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரி நடந்த 2010 பிப்ரவரி 6 அன்றே அவர் இறந்தார். கச்சேரியை நிறுத்தாமல் நடத்திவிட்டு, முடிவில்தான் லேன் அவையோரிடம் செய்தியைச் சொன்னார்.

பெண்கள் யாருமே வாசிக்கலையா?

வாசித்தார்கள், வரலாறு எழுதியவர்கள் அவர்களை ஓரத்தில் வைத்தார்கள். லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஐவி பென்சன் ஆல்ட்டோவும் கிளாரினெட்டும் வாசித்ததோடு பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை நடத்தினார். 1943இல் பிபிசி அக்குழுவைத் தன் நிலையக் குழுக்களில் ஒன்றாக அமர்த்தியபோது ஆண் கலைஞர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது.

சவுத் ஷீல்ட்ஸில் 1925இல் பிறந்த கேத்தி ஸ்டோபார்ட் பதினான்கு வயதில் பெண்கள் குழுவொன்றில் சேர்ந்து, பின்னர் லிட்டல்டனின் குழுவில் நெடுங்காலம் டெனர் வாசித்தார். அந்தத் தடித்த, அகன்ற ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் 'பெண்ணின் வாசிப்பு' என்ற பேச்சே பொருளற்றுப் போகும். அடுத்த தலைமுறையில் பார்பரா தாம்சன் 'பாராஃபெர்னேலியா' என்ற தம் குழுவோடு ஐரோப்பா முழுவதும் வலம் வந்தார். 1997இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. விரல்கள் ஒத்துழைக்க மறுத்த பின்னும் மருந்தின் துணையோடு வாசித்தார், இசை எழுதினார். 2022இல் காலமானார்.

ஈவன் பார்க்கர் மூச்சே விடாம அரை மணி நேரம் வாசிக்கிறாராமே, அது இசையா வித்தையா?

மூச்சு விடுகிறார், நாம் அதைக் கேட்பதில்லை. கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதைக் கருவிக்குள் தள்ளும் நொடியில் மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ளும் சுழல்மூச்சு முறை அது. 1944இல் பிரிஸ்டலில் பிறந்து, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சென்று இசைக்குத் திரும்பியவர் பார்க்கர். சொப்ரானோவில் அவர் இம்முறையோடு விரலையும் நாக்கையும் வெவ்வேறு வேகத்தில் இயக்கும்போது, ஒரே கருவியிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் எழுவது போல இருக்கும். வித்தையாக மட்டும் இருந்தால் சில நிமிடங்களில் சலித்துவிடும். 1978இல் பதிவான 'மோனோசெரஸ்' தனிவாசிப்பைப் பொறுமையோடு கேட்டுப் பாருங்கள். வணிக நிறுவனங்கள் இத்தகைய இசையைத் தொடாது என்பதால், 1970இல் கிட்டார் கலைஞர் டெரக் பெய்லி, டிரம்ஸ் கலைஞர் டோனி ஆக்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து 'இன்கஸ்' என்ற பதிவு நிறுவனத்தைத் தாமே தொடங்கினார்.

கோர்ட்னி பைன் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது என்கிறார்களே?

இசை மொழி அவரால் தலைகீழாக மாறவில்லை, கேட்கும் கூட்டம் மாறியது. 1964இல் லண்டனில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த பைன், ரெகே குழுக்களில் வாசித்து வளர்ந்தவர். 1986இல் வந்த அவருடைய முதல் தொகுப்பு 'ஜர்னி டு தி அர்ஜ் விதின்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பது இடங்களுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் ஜாஸ் தொகுப்புக்கு அது அரிய வெற்றி. ஹாரியட்டுக்குக் கிடைக்காத மேடை, கறுப்பினக் கலைஞர்களின் 'ஜாஸ் வாரியர்ஸ்' குழு வழியாக ஒரு தலைமுறைக்கே கிடைத்தது. அதில் இருந்த பேஸ் கலைஞர் கேரி கிராஸ்பி, ஜனின் ஐரன்ஸுடன் 1991இல் தொடங்கிய 'டுமாரோஸ் வாரியர்ஸ்' பயிற்சி அமைப்பிலிருந்துதான் இன்று பேசப்படும் பலர் வந்தார்கள்: ஷபாகா ஹட்சிங்ஸ், நூபையா கார்சியா, 2023இல் சிறந்த இசைத் தொகுப்புக்கான மெர்க்குரி பரிசு பெற்ற 'எஸ்ரா கலெக்டிவ்' குழுவினர்.

ஷபாகா ஏன் புகழின் உச்சியில் சாக்ஸபோனைக் கீழே வைத்தார்?

லண்டனில் பிறந்து பார்படோஸில் வளர்ந்த ஷபாகா, 'சன்ஸ் ஆஃப் கெமெட்' முதலிய குழுக்களில் டெனரை ஏறத்தாழ ஒரு தாளக் கருவியாகவே மாற்றியவர். 2023 முடிவில் அதை விட்டு, ஜப்பானின் ஷாக்குஹாச்சி உள்ளிட்ட குழல்களுக்குத் திரும்பினார். 2024இல் வந்த தொகுப்பில் அந்த மென்மையைக் கேட்கலாம். இரவுக்கு இரவு முழு உடலின் விசையையும் கொட்டி வாசிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஸ்காட்டின் பற்கள், தாம்சனின் விரல்கள் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால், உடல் தடுக்கும் முன்பே தாமாக வழியை மாற்றிக்கொண்ட இவருடைய முடிவை நான் மதிக்கிறேன்.

பிரிட்டிஷ் ஒலி என்று தனியாக ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

ஒரே ஒலி என்று இல்லை. ஆனால் பிறர் மண்ணிலிருந்து வந்திருக்க முடியாத பதிவுகள் உண்டு. டெவன் மாவட்டத்தின் டாவிஸ்டாக் ஊரில் 1944இல் பிறந்த ஜான் சர்மனை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் தேவாலயத்தில் பாடியவர். 1973இல் மைக் ஆஸ்போர்ன், ஆலன் ஸ்கிட்மோர் ஆகியோருடன் சேர்ந்து, மூன்று சாக்ஸபோன்கள் மட்டுமே மையமாக நின்ற 'எஸ்ஓஎஸ்' குழுவை அமைத்தார். 1979இல் பதிவான 'அப்பான் ரிஃப்ளெக்‌ஷன்' தொகுப்பில் தம் வாசிப்பின்மேல் தாமே அடுக்கடுக்காக வாசித்துச் சேர்த்தார். 1990இல் வந்த 'ரோட் டு செயின்ட் ஐவ்ஸ்' முழுவதும் கார்ன்வால் ஊர்ப்பெயர்கள். நாட்டார் நடனமும் தேவாலயப் பாட்டும் அதில் இயல்பாகக் கலந்து ஓடுகின்றன. வெலின்ஸின் வெறுமை, ஹாரியட்டின் உரையாடல், சர்மனின் மேற்குக் கரை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. மூன்றையும் நியூயார்க்கின் நிழல் என்று சொல்ல என்னால் இயலாது.

இந்தப் பழைய பதிவெல்லாம் இப்ப கிடைக்குதா?

முன்பைவிட எளிதாகக் கிடைக்கின்றன. 1960களில் சிறு எண்ணிக்கையில் அச்சான மூல இசைத்தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள். அவற்றைத் தேடி அலைய வேண்டாம். 2021இல் டெக்கா நிறுவனம் அக்காலப் பதிவுகளை மறுவெளியீடு செய்யத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2019இல், டபி ஹேய்ஸ் 1969இல் பதிவு செய்து வெளிவராமலே கிடந்த ஒரு தொகுப்பு 'கிரிட்ஸ், பீன்ஸ் அண்ட் கிரீன்ஸ்' என்ற பெயரில் வந்தது. மேலே சொன்ன 'மெக்சிகன் கிரீன்' தொகுப்பைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து இதைக் கேட்கலாம். இதய நோய் அவரை முழுமையாக வீழ்த்துவதற்கு முன் பதிவானது இது. வேகம் குறையவில்லை, சொல்லும் முறை மட்டும் நேரடியாகியிருக்கிறது.